படத்தோடு அதன் விவரமும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய வடாற்காடு மாவட்டப் படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் எந்தப் படத்தின் கீழும் ஆண்டு இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை, எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பும் இல்லை. வரலாற்று ஆசிரியையான எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலில் 1981இல்தான் மீண்டும் லிங்கம் நிறுவப்பட்டது. அதற்கு முன் எடுத்த படம் வழிபாடு நின்றுபோன ஒரு கட்டடத்தின் படம். பின்னால் எடுத்தது விளக்கெரியும் கோயிலின் படம். கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆண்டைச் சொல்லாவிட்டால் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் எப்படிப் புரியும்?

வாட்ஸ்அப்பில் வருவது இன்னும் மோசம். '1806 சிப்பாய்ப் புரட்சியின் அரிய புகைப்படம்' என்று அனுப்புகிறார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான்! அது பிற்காலத்தில் அச்சுக்காக வரைந்த சித்திரம். சித்திரம் என்று சொல்லியே பகிரலாமே, அதற்கும் மதிப்பு உண்டு. புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்து, நெற்றிக் குறியை அழிக்கச் சொன்னதை எதிர்த்து எழுந்த சிப்பாய்களை ஓவியர் எப்படிக் காட்டியிருக்கிறார், வெள்ளை அதிகாரிகளை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று பிள்ளைகளிடம் கேட்டால் வகுப்பே கலகலப்பாகிவிடும்.

உற்றுப் பார்ப்பதில் இருக்கும் இன்பம் தனி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் கடைத்தெரு வெறிச்சோடித் தெரிந்தால், 'அப்போது ஊர் எவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது' என்று உருகுகிறோம். அன்றைய கேமராவில் ஒரு படம் பதியப் பல நொடிகள் பிடிக்கும். நடந்து போனவர் படத்தில் விழுவதில்லை, விழுந்தாலும் புகைபோல ஒரு கறைதான். நின்றவர், உட்கார்ந்தவர், கட்டிப் போட்ட மாடு, இவைதான் தெளிவாகத் தெரியும். இதைச் சொன்ன பிறகு என் மாணவர்கள் படத்தைப் பெரிதாக்கி அந்தக் கறைகளைத் தேடத் தொடங்கினார்கள். இன்று கணினியில் வண்ணம் பூசிப் பகிரும்போது முதலில் துடைக்கப்படுவது இவைதான். கறுப்பு வெள்ளை மூலத்தையும் கூடவே போட வேண்டும் என்பது என் திடமான கருத்து.

தேடுபவர்களுக்கு ஒரு சொல்: வேலூர் என்று மட்டும் தேடாதீர்கள். 1989 வரை நாம் வடாற்காடு. 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூரும் நம்மோடுதான் இருந்தது. நம் ஊர்ப் படங்கள் அந்தப் பெயர்களின் கீழும் கிடைக்கும். பிரிட்டிஷ் நூலகம் 2013இல் பழைய நூல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வெளியிட்டது. அதில் துழாவிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் வரலாறு இருக்கிறது. ஸ்டுடியோவில் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கும் தாத்தா, பாலாற்று வெள்ளம் பார்க்கப் போன குடும்பம், பீடி சுற்றும் பெண்கள், தோல் பதனிடும் தொழிலாளர்கள். இவற்றை எந்த ஆவணக் காப்பகமும் நமக்காகத் தேடி எடுத்து வைக்காது. பெரியவர்கள் இருக்கும்போதே படத்தில் இருப்பது யார் யார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

எனவே மாதம் ஒரு பக்கம் வாசகர்களின் பழைய படங்களுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்டுடியோ முத்திரையும் கைப்பட எழுதிய தேதியும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே படத்தின் இரு பக்கங்களையும் ஓரம் வெட்டாமல் ஸ்கேன் செய்து அனுப்பும்படி அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.