நாயுடன் வெளிநாட்டில் குடியேறும் முதியோருக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ விண்ணப்பித்துக் கிரீன் கார்டு வாங்கித் தர, இங்குள்ள வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ நிரந்தரமாகப் புறப்படும் பெற்றோர் நம் ஊர்களில் பலர் உண்டு. பிள்ளைகள் படிக்கப் போன பிறகு வீட்டின் வெறுமையைப் போக்க வளர்த்த நாய் ஒன்று அவர்களில் சிலரிடம் இருக்கிறது. ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடுகிறவர்கள், நாயின் பயணத்தைப் பற்றி மட்டும் விமானச் சீட்டு எடுத்த பிறகே விசாரிக்கிறார்கள். நானும் என் மனைவியும் எங்கள் சிப்பிப்பாறை நாயுடன் மகள் வீட்டுக்குக் குடிபெயர ஆயத்தமாகி வருகிறோம். இதில் நாங்கள் அறிந்துகொண்டவை பிறருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாய்களால் பரவும் ரேபிஸ் நோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இந்தியாவை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, இங்கு தடுப்பூசி போடப்பட்ட நாய்க்கு ஆறு மாத வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். நாயின் அடையாள எண்ணைக் கொண்ட, சர்வதேசத் தரத்திலான மைக்ரோசிப் தோலுக்கடியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இந்த வரிசைதான் பலரைச் சிக்கலில் தள்ளுகிறது. பத்து ஆண்டுகளாக ஆண்டு தவறாமல் ஊசி போட்டு, அதற்கான புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பமாக இருந்தாலும், அந்த நாய்க்குச் சிப் பொருத்தப்படவில்லை என்றால் அத்தனை ஊசிகளும் கணக்கில் வராது. சிப் பொருத்திய பின் மீண்டும் ஊசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்த மாதிரி எடுத்து, அந்த மையம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்புத் திறன் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். மாதிரி எடுத்த நாளிலிருந்து 28 நாளாவது கடந்த பிறகே நாய் அந்நாட்டுக்குள் நுழையலாம். ஆக, எதிலும் தடங்கல் இல்லாவிட்டாலும் ஊசி போட்ட நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிவிடும். இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் போனால், அங்கே 28 நாள் தனிமைப்படுத்தலில் நாய் இருக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதும் நம்முடையது.

தடுப்பூசி, சிப் விவரங்கள் அடங்கிய படிவத்தைக் கால்நடை மருத்துவர் நிரப்பி, அரசின் கால்நடை அதிகாரி ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். சென்னையில் இதற்கான மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. தென் மாவட்டங்களில் இருப்போர் அங்கு நாயுடன் வந்து போகும் நாளையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கு ஊசி போட்ட நாய்கள் அமெரிக்காவில், பதிவு பெற்ற பராமரிப்பு நிலையம் உள்ள ஒரு சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம், அதற்கு முன்பதிவும் தேவை. பிள்ளையின் வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையம் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம் என்பதால், பட்டியலைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

பூனை வளர்ப்பவர்களுக்கு இத்தனை சிரமம் இல்லை. அந்த மையம் பூனைக்கு ரேபிஸ் ஊசிச் சான்றைக் கேட்பதில்லை, சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன.

பிள்ளைகள் வேறு நாட்டில் இருந்தால் கணக்கும் வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் செல்லும் நாய்க்கு இரத்த மாதிரி எடுத்த பின் மூன்று மாதக் காத்திருப்பு உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நாயை நேரடியாகக் கொண்டுசெல்லவே முடியாது. அந்நாடு ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் சில மாதம் தங்கவைத்து, அங்கிருந்து அனுப்பி, மெல்போர்னுக்கு அருகிலுள்ள மிக்கல்ஹாம் நிலையத்திலும் தனிமைப்படுத்த வேண்டும். பணமும் உடல்வலுவும் குறைந்த முதியவர்களுக்கு இது பெரும் சுமை என்பதைப் பிள்ளைகள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

காகிதங்களைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பயணம்தான். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாறிச் செல்லும்போது நாய் கூண்டுக்குள் முழுதாக ஒரு நாளைக் கழிக்க நேரலாம். எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமுள்ள கூண்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கி, கதவைத் திறந்துவைத்து, உள்ளேயே உணவிட்டு, அது தானாகப் போய்ப் படுத்துறங்கும் அளவுக்குப் பழக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அனுப்பச் சொல்வோர் பேச்சைக் கேட்கக் கூடாது. அது மூச்சையும் உடல் நிதானத்தையும் பாதிக்கும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் ஆபத்து அதிகம் என்பதால் அவற்றை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் உண்டு. கத்திரி வெயில் காலத்தில் எந்த நாயையும் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

பதின்மூன்று, பதினான்கு வயதான, இதயமோ சிறுநீரகமோ நலிந்த நாயை இப்பயணத்துக்கு உட்படுத்துவது அன்பாகாது என்பது என் கருத்து. அதை விட்டுச்செல்வதாக இருந்தால், பழகிய ஒருவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, வார இறுதிகளில் அவர் வீட்டில் தங்கவைத்து, உணவுக்கும் மருத்துவத்துக்கும் பணம் ஒதுக்கிவிட்டுப் புறப்பட வேண்டும். பாதி ஆண்டு அங்கும் பாதி ஆண்டு இங்குமாக வாழ நினைப்பவர்களும் நாயை ஒரே இடத்தில் வைப்பதுதான் சரி, ஏனெனில் இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவரவும் தனி அனுமதி பெற வேண்டும். கடைசி வாரத்தில் வழியின்றித் தெருவில் விட்டுச்செல்வதை மன்னிக்கவே முடியாது. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய், எல்லை வகுத்து வாழும் தெருநாய்களிடையே பிழைப்பது அரிது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால், முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இது யாரையும் தடுக்கப் போவதில்லை.

எங்களுக்கு வாய்த்த முகவர் ஒருவர், இரண்டே வாரத்தில் எல்லாம் முடித்துத் தருவதாகப் பெருந்தொகை கேட்டார். மேற்சொன்ன நாள்கணக்கு தெரிந்திராவிட்டால் நம்பியிருப்போம். விதிகள் ஆங்கில இணையதளங்களில் இருக்கின்றன. சிறு நகரங்களில் உள்ள முதியவர்கள் பலருக்கு அவை எட்டுவதில்லை. எனவே, மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இணைந்து, நாடுவாரியாக நாள்கணக்குடன் ஒரு தமிழ் வழிகாட்டியை வெளியிட்டு, விதி மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும். மாவட்டக் கால்நடை மருத்துவமனைகளில் மைக்ரோசிப் பொருத்தும் வசதியும் அதன் எண்ணைப் படிக்கும் கருவியும் இருக்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சிப் எண்ணுக்கும் அதைப் பொருத்திய தேதிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
விருதுநகர்.