நம் பழைய எதிரணிகள் எங்கே போயின?

பெல்வியூ, வாஷிங்டன்
27 அக்டோபர் 2025

அன்பு நண்பன் கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாம் படித்த அதே புல்மனில், அதே கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே, நிலா முதுகலைப் படிப்பைத் தொடங்கிவிட்டாள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. அவள் உனக்கு அனுப்பிய அமெரிக்க ஃபுட்பால் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "யுஎஸ்சி எங்கே, யுசிஎல்ஏ எங்கே, ஸ்டான்ஃபோர்டு எங்கே? ஓரிகன் ஸ்டேட் மட்டும் இரண்டு முறை வருகிறதே, அச்சுப் பிழையா?" என்று கேட்டிருக்கிறாய். அச்சுப் பிழை இல்லை, கதிரேசா. நம் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஓரிகன் ஸ்டேட்டும் இந்த ஆண்டு ஒன்றோடொன்று இரண்டு முறை ஆடுகின்றன: நவம்பர் 1 அன்று கோர்வாலிஸில், நவம்பர் 29 அன்று புல்மனில். நாம் அறிந்த கான்ஃபரன்ஸில், அதாவது பிறகு பேக்-12 என்று பெயர் பெற்ற மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில், இப்போது மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு அணிகள்தாம். நீ ஊர் திரும்பிய பிறகு நடந்ததையெல்லாம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1997 நவம்பரை நீ மறந்திருக்க மாட்டாய். ஆப்பிள் கோப்பை ஆட்டத்தில் நம் அணி சியாட்டிலுக்கே போய் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 41–35 என்று வென்று, 67 ஆண்டுகளுக்குப் பிறகு ரோஸ் பவுல் என்ற புத்தாண்டு ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. புத்தாண்டு அன்று விடுமுறைக்காக ஊரே காலியாகிக் கிடக்க, வீட்டுக்குப் போக வழியில்லாத நாம் மூன்று பேர் மட்டும் யாரோ விட்டுச் சென்ற பழைய டிவியின் முன் உட்கார்ந்திருந்தோம். நம் வீரர் ரயன் லீஃப் கடைசிப் பந்தைத் தரையில் அடித்து நேரத்தை நிறுத்த முயன்றதும், நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர்கள் அறிவித்ததும், மிச்சிகன் 21–16 என்று வென்றதும், நீ அடுப்பில் வைத்திருந்த ரசம் வற்றிப்போனதை ஒருவரும் கவனிக்காததும் இன்றும் நினைவில் நிற்கின்றன. அந்த ஆண்டு மிச்சிகனைப் பத்திரிகையாளர்களும் நெப்ராஸ்காவைப் பயிற்சியாளர்களும் முதலிடத்தில் வைத்தார்கள். இருவரும் களத்தில் சந்திக்கவே இல்லை. மேற்குக் கரையின் சாம்பியனும் நடுமேற்குக் கான்ஃபரன்ஸான பிக் டென்னின் சாம்பியனும் ரோஸ் பவுலில் ஆடியே தீர வேண்டும் என்ற பழைய உடன்பாடு அதற்கு ஒரு காரணம். நாடு முழுவதற்கும் ஒரே சாம்பியன் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அந்த ஆசையும் ஒளிபரப்புப் பணமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்ந்த கதைதான் நான் சொல்லப்போவது.

வேரைத் தேடினால் 1984க்குப் போக வேண்டும். அதுவரை எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு கட்டுப்படுத்திவந்தது. இரண்டு ஆண்டுகளில் ஓர் அணிக்கு ஆறு முறைக்கு மேல் அனுமதி இல்லை. ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் தொடுத்த வழக்கில், இந்தக் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாற்றுத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஃபுட்பால் ஆடி நாடறிந்த வீரரானவர். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரப் பண்டமாக அளக்கக் கூடாது, படிப்போடு சேர்ந்த அமெச்சூர் விளையாட்டாக அதைக் காப்பதற்குச் சில வரம்புகள் தேவை என்பது அவர் வாதம். சட்டப்படி பெரும்பான்மையின் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் வரப்போவதைத் தெளிவாகக் கண்டவர் வைட்தான் என்று நான் நினைக்கிறேன். தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமை கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தது. கான்ஃபரன்ஸ் என்பது அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று ஆடுவதற்கான ஏற்பாடாக இருந்த நிலை மாறி, பெரிய நகரங்களையும் பெரிய பெயர்களையும் திரட்டி டிவி நிறுவனத்துக்கு விற்கும் கூட்டாக ஆனது. டெக்சாஸ் அணிகளைப் பெருமளவில் கொண்டிருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996இல், நாம் புல்மனுக்கு வந்த அதே ஆண்டில், கலைந்துபோனது. அன்று அது எங்கோ தொலைவில் நடந்த செய்தியாக நமக்குத் தோன்றியது.

நம் கான்ஃபரன்ஸின் பூர்வ வடிவம் 1915இல் போர்ட்லாந்தில் உருவானது. 1978இல் பத்து அணிகளாகவும் 2011இல் பன்னிரண்டு அணிகளாகவும் அது வளர்ந்தது. 2021 ஜூலையில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸை விட்டுத் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸான எஸ்இசியில் சேரப்போவதாக அறிவித்ததும் நாடெங்கும் கலக்கம் பரவியது. அடுத்த மாதமே பேக்-12, பிக் டென், அட்லாண்டிக் கோஸ்ட் எனப்படும் ஏசிசி ஆகிய மூன்றும் 41 பல்கலைக்கழகங்களின் சார்பில் ஒரு கூட்டணியை அறிவித்தன. கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. பரஸ்பர நம்பிக்கையே போதும் என்றார்கள். நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றை நான்கு அணிகளிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிக்கும் திட்டம் அப்போது பரிசீலனையில் இருந்தது. இந்த மூன்றும் ஒரு பக்கமாக நின்றது அத்திட்டம் தள்ளிப்போனதற்கு ஒரு காரணம். பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. கூட்டணித் தோழனே நம் கான்ஃபரன்ஸின் மிகப் பெரிய நகரத்தை எடுத்துக்கொண்டான். அந்தச் செய்தி வந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் குறையவில்லை.

அதன் பிறகு எல்லாம் விரைவாக முடிந்தது. பிக் டென் அந்தக் கோடையிலேயே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று நிறுவனங்களோடு ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. நம் கான்ஃபரன்ஸால் ஓராண்டு கழித்தும் ஒரு நல்ல ஒப்பந்தத்தைக் கொண்டுவர முடியவில்லை. 2023 ஜூலை இறுதியில் கொலராடோ பிக் 12க்குத் திரும்பியது. நீதிபதி வைட் ஆடிய அதே கொலராடோ. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் பிக் 12க்கும் போயின. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசியில் இடம் பெற்றன. அதற்காக ஏழு ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு வருவாயில் 30 சதவீதப் பங்கே போதும் என்று ஒப்புக்கொண்டன. அவர்களோடு சேர்ந்த டாலஸ் நகரத்து எஸ்எம்யூ, ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தப் பங்கே வேண்டாம் என்று சொல்லி உள்ளே நுழைந்தது. வாசல் மூடிவிடுமோ என்ற அச்சம் ஒரு பல்கலைக்கழகத்தை எந்த அளவுக்கு இறங்கிவரச் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மீது எனக்கு முழுக் கோபம் இல்லை. தனியே நின்றிருந்தால் அவர்களும் நம்மோடு மூழ்கியிருக்கலாம். ஆனால் நம் ஊர் எந்தத் தவறும் செய்யாமல் தண்டனை பெற்றது என்பதை நான் சொல்லாமல் இருக்க முடியாது. புல்மனின் மக்கள்தொகையும் அதன் ஸ்டேடியத்தின் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே, சுமார் 33,000. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் விடுதிகளும் உணவகங்களும் நிரம்பி வழிவதை நீயே பார்த்திருக்கிறாய். அந்தக் கூட்டத்தை நம்பியே பல கடைகள் ஆண்டு முழுதும் உயிர்வாழ்கின்றன. இந்த ஊரின் பற்றை அளக்க டிவி நிறுவனங்களிடம் அளவுகோல் இல்லை. ஒரு நகரத்தில் எத்தனை வீடுகள், எத்தனை சந்தாதாரர்கள் என்ற கணக்குதான் அவர்களிடம் உண்டு.

மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களும் சோர்ந்துவிடவில்லை. வெளியேறியவர்கள் கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தில் வாக்களிக்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்து வென்றன. 2023 டிசம்பரில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்துவிட்டது. பெயரும் சொத்தும் அவர்களிடமே நின்றன. அடுத்த ஆண்டு முதல் பாய்சி ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் ஆகியவை சேர்ந்து எட்டு அணிகளோடு ஃபுட்பால் தொடரும். பாஸ்கெட்பாலில் பெயர்பெற்ற கொன்சாகாவும் மற்ற விளையாட்டுகளுக்காக வருகிறது. டெக்சாஸைத் தவிர மற்றவை மேற்கு மாநிலங்களிலேயே இருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது. ஆயினும் பிளேஆஃபின் கணக்கில் இது பழைய பேக்-12 ஆகாது.

நான்கு அணிகளைக் கொண்ட பிளேஆஃப் 2014இல் தொடங்கி 2023 வரை நடந்தது. அந்தப் பத்து சீசன்களில் நம் கான்ஃபரன்ஸிலிருந்து மூன்று முறைதான் இடம் கிடைத்தது: 2014இல் ஓரிகன், 2016இலும் 2023இலும் வாஷிங்டன். ஆண்டுதோறும் வாசலிலேயே நிற்கும் கான்ஃபரன்ஸில் சேர நல்ல மாணவ வீரர்கள் தயங்கினார்கள். டிவி நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. விரிவாக்கம் சில ஆண்டுகள் முன்பே வந்திருந்தால் நம் கான்ஃபரன்ஸ் பிழைத்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். அப்படி இருக்க, அதைத் தள்ளிப்போட்ட பக்கத்தில் நாமே நின்றோம் என்பதை நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

2024இல் பன்னிரண்டு அணிகள் வந்தன. முதல் திட்டத்தில் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு ஆறு இடங்கள் இருந்தன. பேக்-12 சரிந்த பிறகு அது ஐந்தாகக் குறைந்தது. இந்த விரிவாக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்று ஏசிசி சாம்பியனான பிறகும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் காயமடைந்ததைக் கருத்தில் கொண்டு தேர்வுக் குழு அதை விலக்கிவிட்டு அலபாமாவுக்கு இடம் கொடுத்தது. களத்தில் ஒருவரும் வெல்லாத அணியை ஓர் அறையில் உட்கார்ந்து விலக்கியதை ஏற்க என்னால் முடியவில்லை. புதிய முறையில் அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதோடு முதல் சுற்று ஆட்டங்கள் பல்கலைக்கழக மைதானங்களிலேயே, டிசம்பர்க் குளிரில், மாணவர்களின் முன்னே நடக்கின்றன. பெரிய கான்ஃபரன்ஸ் எதிலும் இல்லாத பாய்சி ஸ்டேட் போன்ற ஓர் அணி நேரடியாகக் கால் இறுதிக்குள் நுழைந்தது. சீசன் தொடங்குமுன் பிக் 12இல் கடைசி இடம் என்று கணிக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் அதன் சாம்பியனாகி, டெக்சாஸிடம் இரண்டு கூடுதல் நேரம் வரை போராடி 39–31 என்று தோற்றது. நம் பழைய தோழர்கள் அவ்வளவு தூரம் போராடியதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன்.

இழப்பும் உண்டு. நம் காலத்தில் நவம்பரில் ஒரு தோல்வி என்றால் அந்த ஆண்டே முடிந்துபோகும். அதனால்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நெஞ்சு படபடத்தது. 2024 நவம்பர் இறுதியில் ஓஹையோ ஸ்டேட் தன் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. ஆனாலும் பிளேஆஃபில் நான்கு ஆட்டங்களை வென்று, இறுதியில் நோட்டர் டேமை 34–23 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. அந்தப் பயணத்தின் நடுவில் ரோஸ் பவுலில் அது எதிர்கொண்டது ஓரிகனை. மேற்குக்கும் நடுமேற்குக்கும் இடையிலான அந்தப் பழைய ஆட்டத்தில் அன்று ஆடிய இரண்டு அணிகளும் பிக் டென்னைச் சேர்ந்தவை, கதிரேசா.

இப்போது பதினாறு அணிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இருபத்து நான்கு என்ற பேச்சும் அடிபடுகிறது. எண்ணிக்கை எனக்குப் பெரிய கவலை இல்லை. பிக் டென் முன்வைத்த திட்டத்தில், சீசன் தொடங்கும் முன்பே தனக்கும் எஸ்இசிக்கும் தலா நான்கு இடம், ஏசிசிக்கும் பிக் 12க்கும் தலா இரண்டு, மற்ற அனைவருக்கும் சேர்த்து ஒன்று என்று பங்கு பிரிக்கப்படுகிறது. இதுதான் என்னை உறுத்துகிறது. ஐந்து சாம்பியன்களுக்கு உறுதியான இடமும் மீதி பதினொன்று தரவரிசைப்படியும் என்ற மாற்றுத் திட்டம் இதைவிட நியாயமானது. பிளேஆஃபில் இடத்தைக் களத்தில் வென்றெடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வீரர்களுக்குப் பணம் கிடைப்பதை எதிர்த்து நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். உழைப்பவர்கள் அவர்கள். கடந்த ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்குப் பகிரலாம். ஆனால் புல்மன் அந்த வரம்பை எப்படி எட்டும்? நம் குவார்ட்டர்பேக் கேம் வார்டு இங்கே இரண்டு சீசன் ஆடி மயாமிக்குப் போனார். இந்த ஆண்டு தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் தேர்வில் முதல் வீரராக எடுக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் மட்டீர் ஓக்லஹோமாவுக்குப் போனார். இன்னொரு வகையினரை எவரும் நினைப்பதில்லை. ஃபுட்பால் வாரம் ஒரு முறை நடப்பது; வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்களோ வாரத்தில் பல ஆட்டங்களுக்குக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து, விமானத்திலேயே பாடம் படிக்கிறார்கள். ஃபுட்பாலுக்குத் தனிக் கூட்டமைப்பு வைத்துக்கொண்டு, மற்ற விளையாட்டுகளைப் பழையபடி அண்டை ஊர்களோடு நடத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆப்பிள் கோப்பை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2028 வரை ஆட இரு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. நவம்பரிலிருந்து செப்டம்பருக்கு நகர்ந்துவிட்டது. சென்ற ஆண்டு நாம் 24–19 என்று வென்றோம். இந்த ஆண்டு நம் ஊரிலேயே 59–24 என்று தோற்றோம். நிலா அன்று மைதானத்தில் இருந்தாளாம். கடைசி வரை எழுந்து போகவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். இரண்டு வாரம் முன்பு மிசிசிப்பிக்குப் போய், நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றான ஓல் மிஸ்ஸிடம் நம் பையன்கள் 24–21 என்று தோற்கும் வரை போராடியதையும் அவள் பெருமையோடு சொன்னாள்.

வரும் சனிக்கிழமை நான் காரில் கோர்வாலிஸ் போகிறேன். நிலாவும் இரண்டு தோழிகளும் புல்மனிலிருந்து வருகிறார்கள். நான்கு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டேன். 1997இல் நீ வாங்கி எனக்கு விட்டுச்சென்ற கருஞ்சிவப்பு ஸ்வெட்டரை அவளுக்குக் கொண்டுபோகிறேன். ஆட்டம் முடிந்ததும், உனக்கு அது ஞாயிறு காலை, மைதானத்திலிருந்தே அழைக்கிறோம். எழுந்திருந்து காத்திரு.

உன் அன்புள்ள,
ரகுநாதன்