போன் எடுத்துச் சொன்ன அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு,

சனிக்கிழமை கோணேசர் மலையடியில் நடந்தது இதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். நடந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்றும் கேள்வி. அதனால் அந்தக் கதையை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. காயாக் என்ற சிறு துடுப்புப் படகுகளில் போன எங்களைக் காற்று வெளிக்கடலுக்குத் தள்ளியது, மீன்பிடி வள்ளம் வந்து கரை சேர்த்தது, எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். தோள்மூட்டைத் தூக்க முடியவில்லை, உள்ளங்கைக் கொப்புளம் ஆறவில்லை, படுத்தால் கட்டில் ஆடுகிறது. இதெல்லாம் ஆறியபிறகு எழுதினால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும். இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் திருக்கடலூர் அக்கா. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடவில்லை.

வள்ளத்தில் கொண்டுவந்து எங்களை இறக்கியபோது கரை முழுக்கச் சனம். தண்ணீர்ப் போத்தல் நீட்டியவர்கள், வீடியோ எடுத்தவர்கள், ஏசியவர்கள், எல்லோரும் இருந்தார்கள். அக்கா எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டு விறாந்தையில் எங்களை இருத்தினார். ஆண்களுக்குச் சாரம், எங்களுக்குத் தன்னுடைய சட்டைகள், அப்புறம் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. இவ்வளவையும் நம் ஊரில் எந்த வீட்டிலும் செய்வார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, மகனின் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எங்கள் முன்னால் குந்தினார். "வீட்டு நம்பரைச் சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் போன்கள் எல்லாம் உப்புத் தண்ணீரில் செத்திருந்தன. இந்தக் காலத்தில் யாருக்கு நம்பர் மனப்பாடம்? அம்மாவின் நம்பர் பழசு என்பதால் எனக்குத் தெரிந்தது. ஒருவனுக்குத் தான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையின் நம்பர் மட்டும்தான் வாயில் வந்தது, அதுவும் பெயர்ப்பலகையில் தினமும் பார்ப்பதால். சரி என்று கடைக்கே எடுத்தார். லிங்கநகரில் ஒரு வீட்டில் எத்தனை தரம் எடுத்தும் பதில் இல்லை என்றதும் மகனைச் சைக்கிளில் அனுப்பினார். நடுவில் போனில் ரீலோட் காசு முடிந்தது. முடக்குக் கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி தொடங்கினார். எவ்வளவு முடிந்தது என்று பிறகு கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார். இரண்டாம் தரம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் கதைத்த விதம்தான் மனதை விட்டுப் போகவில்லை. எந்த வீட்டுக்கும் ஒரே ஒழுங்கு: "அம்மா, உங்கட மகள் எனக்குப் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறா. நல்லா இருக்கிறா. இனி ஆறுதலாக் கேளுங்கோ." கிண்ணியாப் பெடியனின் வீட்டுக்கு "உம்மா" என்று தொடங்கினார். கடல் என்றோ காற்று என்றோ முதல் மூச்சில் ஒரு சொல் வரவில்லை. சொல்லி முடித்ததும் போனைப் பிள்ளையின் காதில் வைத்து, "ஒரு வார்த்தை கதை" என்பார். அங்கே குரல் கேட்டது என்று உறுதியானபிறகுதான் தாளில் அந்த நம்பருக்கு நேரே சரி போடுவார்.

உவர்மலையில் அம்மாவுக்கு அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டிருந்தது. செய்தி எங்களுக்கு முன்னமே கரை சேர்ந்துவிட்டது, அதுவும் ஆட்கள் இல்லையாம் என்று. அம்மா செருப்பும் போடாமல் கேற்றடிக்கு வந்து நின்ற நேரத்தில்தான் தெரியாத நம்பரில் அழைப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரியம்மாவைத் தேடிக் கரையோரமாக நடந்தவர் அவர். தெரியாத நம்பரில் கடல் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "தேத்தண்ணி குடிக்கிறா எண்டு சொன்னாவே, அதோடதான் எனக்குக் கால் நிலத்தில பட்டுது." அன்று இரவு முழுக்க இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்படிச் சொல்ல எங்கே பழகினீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "இவர் தொழிலுக்குப் போய் நேரத்துக்கு வராட்டில் எத்தினை தரம் கரையில நிண்டிருப்பன். ஆள் இருக்கோ இல்லையோ எண்டதைத்தானே மனம் கேக்கும். மிச்சத்தைப் பிறகு சொல்லலாம்." சொல்லிவிட்டு, காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிப் போடப் போய்விட்டார்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் வீட்டுக்கு எடுப்பது நான்தான். இனி "பிள்ளை என் பக்கத்தில் இருக்கிறான்" என்றுதான் தொடங்குவேன்.

அப்புறம் வள்ளத்து அண்ணைமார். மலை மறைவில் காற்றே தெரியாது. முனையைத் திரும்பியதும் கச்சான் காற்று தரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளும், பாறையில் மோதித் திரும்புகிற அலை இன்னொரு பக்கம் புரட்டும். அதற்குள் வலையைப் பாதியில் விட்டு வந்து, எங்கள்மேல் இடித்துவிடாமல் இஞ்சினை நிறுத்திக் கயிறு எறிந்தார்கள். மண்ணெண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. 2022 தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் பெறுமதி தெரியும். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டித் தம்பி, காயாக்குகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, "பக்கத்து விளிம்பை விடாதேங்கோ" என்று தொண்டை கட்டும்வரை கத்தியதற்கும், வரிசையாக எண் சொல்லவைத்து எங்களை நித்திரையாக விடாததற்கும் நன்றி. மலைமேல் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவடியில் நின்று எங்களைக் கண்டு பொலிசுக்குச் சொன்ன குடும்பம் யாரென்று இன்னும் தெரியவில்லை. 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸில் வந்தவர்கள், இரவு விழித்திருந்த தாதியர், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், தைக்காப்பள்ளியில் துஆ கேட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஏசியவர்களுக்கும்தான்.

அங்கே ஏன் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் அந்த மலையடியில்தான் கிடக்கின்றன. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் 1956இல் சுழியோடிய தண்ணீர் அது. பிறந்து வளர்ந்த ஊரின் மலையைக் கடலில் இருந்து அண்ணாந்து பார்க்க எங்களுக்கும் ஆசை இருக்காதா? இனிக் கடலில் இறங்குவதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார் அம்மா. செய்யவில்லை. இறங்கும் முன் திருக்கடலூரில் காற்றைக் கேட்பேன், லைஃப் ஜாக்கெட்டின் உள்பக்கம் வீட்டு நம்பரை எழுதுவேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் மார்க்கர் பேனை வாங்கி மேசையில் வைத்திருக்கிறார்.

அக்கா, சாரங்களும் சட்டைகளும் தோய்த்து மடித்து வைத்திருக்கிறோம். ஞாயிறு மத்தியானம் வருகிறோம். நீங்கள் அடுப்பு மூட்ட வேண்டாம், சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம். ஒரு நீலத் துவாய் மட்டும் உங்களுடையது இல்லை என்கிறீர்கள். கரையில் யாரோ என் தோளில் போட்டுவிட்டது. அதன் சொந்தக்காரர் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்று கரை சேர்ந்தவர்களில் ஒருத்தி