சதுரப் பள்ளமா, வட்டப் பள்ளமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாய்வழியே கருமருந்து கிட்டித்துச் சுடும் ரைபிளுக்குப் புதுக் குழல் கேட்டு எங்கள் ஜார்ஜ் டவுன் கடைக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் குழலின் உட்பள்ளம், அதாவது குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலின் உட்சுவரில் முறுக்காக வெட்டும் பள்ளம், சதுரமா வட்டமா, எந்த வடிவத்தில் வேண்டும் என்பதில்தான் குழம்புகிறார்கள். எந்தக் குண்டைச் சுடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

துணி சுற்றிய ஈய உருண்டை என்றால் பள்ளம் ஆழமாக, 0.010 முதல் 0.012 அங்குலம் வரை இருக்கட்டும். உருண்டை பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. துணிதான் அங்கே அமுங்கி இறங்கி, முறுக்கைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுகிறது. முறுக்கும் நிதானமாக, குழல் நீளத்தில் 48 முதல் 66 அங்குலத்துக்குப் பள்ளம் ஒரு சுற்று சுற்றினால் போதும். முறுக்கு அதிகமாகி மருந்தும் கூடினால் துணி பிடி நழுவிவிடும். கூம்புக் குண்டுக்கு நேர் எதிர்: ஈயமே விரிந்து பள்ளத்தை அடைக்க வேண்டும். அதனால் 0.004 முதல் 0.006 அங்குல ஆழமே சரி. நீளமான குண்டானால் 20 முதல் 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவைப்படும். ஒரே குழலில் இரண்டையும் சுட நினைத்தால் இரண்டிலும் அரைகுறைதான் மிஞ்சும்.

இனி வடிவம். குறியில் சதுரப் பள்ளத்துக்கும் வட்டப் பள்ளத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்பது எங்கள் கருத்து. வேறுபாடு துடைக்கும்போது தெரியும். சுட்டு முடித்த சதுரப் பள்ளக் குழலில் ஈரத்துணியை இறுக்கமாக விட்டு இழுத்துப் பாருங்கள். துணி வெளுத்து வந்தபின்னும் பள்ளத்தின் மூலைகள் பட்ட இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் விழும். அந்தக் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில், உப்புக்காற்றில் ஓர் இரவு விட்டால் துருப்பிடித்துவிடும். வட்டப் பள்ளத்தில் மூலை இல்லை. சென்னைக்கு வட்டமே ஏற்றது என்று உறுதியாகச் சொல்வோம். பழைய தோற்றத்துக்காகச் சதுரம்தான் வேண்டும் என்பவர்கள், சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவியாக வேண்டும்.

எத்தனை பள்ளம் என்பதற்காக அலைய வேண்டாம். ஏழும் சுடும், எட்டும் சுடும். இரட்டைப்படையானால் எதிரெதிர்ப் பள்ளங்களை வைத்து அளவெடுக்க எளிது, அவ்வளவுதான். ஆனால் மிகக் குறைத்தாலும் தொல்லை உண்டு: இரண்டே பள்ளங்களுடன் வந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரன்ஸ்விக் ரைபிளில், கரி படிந்தபின், அந்த இரண்டு பள்ளங்களில் பொருந்தும்படி சுற்றிலும் பட்டி வைத்து வார்த்த குண்டை உள்ளே இறக்குவதே பெரும்பாடாக இருந்தது.

புதுக் குழல் குறி தவறினால் உடனே பள்ளத்தைப் பழிக்காதீர்கள். சுட்டபின் தரையில் விழுந்த துணியைப் பொறுக்கிப் பாருங்கள். பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகளின் வரிசையில் கீறல் இருந்தால் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அதை இழைத்துத் தரலாம். நடுவில் கருகிப் பொத்தலாகியிருந்தால் துணி மெலிது, அல்லது மசகு போதவில்லை.

கடைக்கு வரும்போது அந்தத் துணிகளையும் நீங்கள் வார்க்கும் குண்டுகளில் மாதிரிக்கு இரண்டையும் எடுத்து வாருங்கள். உரிமத்தின் அசலும் கட்டாயம் வேண்டும். அதில் பதிவாகாத துப்பாக்கிக்குக் குழல் ஆர்டர் எடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்