சிறுநீரக நோயாளியின் இதயத்தையும் பாருங்கள்

ஐயா, உலகச் சிறுநீரக நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை டயாலிசிஸ் வசதிகளைப் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் தேவைப்படும் நிலையை எட்டும் முன்பே மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கிறார்கள் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. பழுதடைந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் சரிவர வெளியேற்ற இயலாமல் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தமோ சிறுநீரகத்தில் எஞ்சிய நுண்வடிகட்டிகளைச் சிதைப்பதோடு, இதயத்தின் இடது கீழறைச் சுவரையும் தடிக்கச் செய்கிறது.

கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் தந்தைக்கு, மேடேறி மூச்சு வாங்க வந்து நின்றவுடனேயே, கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்தார்கள். மாத்திரை தவறாமல் கிடைத்தது. சிறுநீரகப் பழுதின் அறிகுறியாகச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஏழு ஆண்டுகளில் ஒருவரும் பார்க்கவில்லை. கணுக்கால் வீக்கத்தைக் குளிரால் வந்தது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். மாரடைப்பு வந்த பிறகுதான், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருப்பது தெரிந்தது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரைகள் வீடு தேடி வருவது மலைக் கிராமங்களுக்குப் பெரும் உதவி. அத்துடன், நோயாளியை ஐந்து நிமிடம் அமரவைத்து அழுத்தம் பார்ப்பதையும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்வதையும் நீலகிரியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி