499 ரூபாய்க்காகத்தான் எழுதுகிறேன்

அனுப்புநர்: வேட்டை எண் 40718-இன் வாடிக்கையாளர், பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.
நாள்: 12.05.2025
பொருள்: வாங்க முடியாத விலையைக் காட்டிக் கட்டணம் பிடித்தது, ஒருநாள் முழுக்க வீணாக அலையவிட்டது, போனில் அவமானப்படுத்தியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் உங்கள் ஆப்பிலேயே எழுதினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, ஒரு ஃப்ரீசருக்குக் குறைந்த விலையைத் தேடித் தருவதாக (அந்தத் தேடலுக்கு நீங்கள் வைத்த பேர் "வேட்டை") வாங்கிய என் பணத்தைத்தான் கேட்டேன். அதனால் இந்த முறை தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மே 3, சனிக்கிழமை காலையில் உங்கள் சேவை மையத்துத் தம்பி பேசியதை முதலில் எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் மற்றது எதுவும் கையில் வர மாட்டேன் என்கிறது. அன்றைக்கு நான் கூப்பிட்டது பதினோராவது தடவை. பாட்டைப் போட்டு இருபத்தாறு நிமிஷம் காக்க வைத்தார்கள். எடுத்த தம்பியிடம் வேட்டை எண்ணைச் சொல்லி, தேடல் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கேட்டது இது: "ஐந்நூறு ரூபாய்க்காம்மா இத்தனை தடவை கூப்பிடுறீங்க?" கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த யாரிடமோ சிரித்தார். எனக்குக் காதில் விழுந்தது. என் மகளும் கேட்டாள், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

ஐந்நூறு ரூபாயை ஒரு பொருட்டாக நினைப்பவர்களை நம்பித்தானே நீங்கள் கம்பெனி நடத்துகிறீர்கள்? இருநூறு, முந்நூறு மிச்சமாகுமா என்று பார்க்கிறவள்தான் உங்களிடம் வருவாள். வசதி உள்ளவர்கள் கடையில் கை காட்டி வாங்கிவிட்டுப் போவார்கள். மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, மிச்சம் பார்க்கிறவளைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தெற்குவாடியில் நாட்டுப்படகுக்காரர்களிடம் கணவாய், நண்டு, விளைமீன் வாங்கிச் சுத்தம் செய்து, ராமநாதபுரம், உச்சிப்புளி பக்கம் வீடுகளுக்கு வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீனுக்குத்தான் கிராக்கி. எங்களை மாதிரிச் சின்ன வியாபாரிகளுக்கு வருஷத்தில் கை ஓங்கும் காலம் அது ஒன்றுதான். அதற்குள் 300 லிட்டர் ஃப்ரீசர் ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்தேன். ராமநாதபுரம் கடையில் 24,500 சொன்னார்கள். மகள்தான் உங்கள் ஆப்பைக் காட்டினாள். நமக்காக நாலு பேர் நெட்டில் தேடுவார்கள், குறைந்த விலையைக் கண்டுபிடிப்பவருக்குக் கூலி, நமக்கு மிச்சம் என்றாள். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. மார்ச் 24 அன்று தேடல் கட்டணம் 499 கட்டினேன்.

இரண்டே நாளில் உங்கள் "தங்க வேட்டையாளர்" ஒருவர் 19,900 என்று லிங்க் போட்டார். 4,600 மிச்சம் என்று பச்சை எழுத்தில் வந்தது. நானும் சந்தோஷமாக "ஏற்கிறேன்" என்பதை அழுத்தினேன். அழுத்தியதுமே மிச்சத்தில் பத்து சதவீதம் என்று 460 ரூபாய் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகுதான் லிங்க்கே திறந்தது.

உள்ளே போனால், அந்த 19,900-இல் இரண்டாயிரம் ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. என்னிடம் இருப்பது கூட்டுறவு வங்கிப் பாஸ்புக். இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு, பழைய ஃப்ரீசரைக் கொடுத்தால். பழைய ஃப்ரீசர் இருந்தால் நான் ஏன் புதிதைத் தேடப் போகிறேன்? இரண்டையும் எடுத்துவிட்டால் 23,400. கொண்டுவந்து இறக்க 900. மொத்தம் 24,300. கடை விலைக்கும் இதற்கும் 200 ரூபாய்தான் வித்தியாசம். அந்த 200-க்கு உங்களுக்கு நான் கொடுத்தது 959. இந்தக் கணக்கை உங்கள் ஆட்கள் ஐந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டு ஆர்டர் போடப் போனால், 623-இல் தொடங்கும் எங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்று வந்தது. கேட்டதற்கு வேட்டையாளர் எழுதிய பதில்: "பாம்பன் பாலம் மூடியிருக்கிறது, லாரி வராது." ஐயா, மூடியிருந்தது ரயில் பாலம். 2022 டிசம்பரிலிருந்து அதில் ரயில் ஓடவில்லை. லாரி போகிற ரோட்டுப் பாலம் 1988-இலிருந்து திறந்துதான் கிடக்கிறது, தினமும் அதன் மேல்தான் என் மீன் பெட்டி போகிறது. ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறந்ததும் உங்கள் சேவை மையத்து அம்மா ஒருவர் போன் செய்து, "பாலம்தான் திறந்தாச்சே மேடம், இனிமே டெலிவரி வந்துடும்" என்றார். ஃப்ரீசர் ரயிலிலா வரப்போகிறது? எங்கள் ஊரைப் பற்றித் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாமலே காரணம் சொல்வதுதான் குற்றம்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார். "மறுவேட்டை" இலவசம் என்று போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அதில் வேறு ஒருவர் 20,800-க்குக் கண்டுபிடித்தார். ராமநாதபுரம் கூரியர் குடோனில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உங்கள் ஆப் மூலமாகவே 20,800 கட்டினேன்.

ஏப்ரல் 9, புதன்கிழமை. அந்த நாளை மறக்க மாட்டேன். குட்டியானை வண்டியை 2,200 ரூபாய்க்குப் பேசிக்கொண்டு போனேன். வெறும் வண்டியாகப் போவானேன் என்று தெர்மகோல் பெட்டியில் ஒன்பது கிலோ கணவாயை ஐஸ் போட்டு ஏற்றியிருந்தேன். குடோனில் ஃப்ரீசரை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

குடோனில் பெட்டி இருந்தது. கண்ணாலேயே பார்த்தேன், அட்டையைத் தொட்டும் பார்த்தேன். ஆனால் அதன் மேல் ஒட்டியிருந்த பில் என் பேரில் இல்லை. முன்பின் தெரியாத ஏதோ ஒரு டிரேடர்ஸ் பேர், அவர்களுடைய ஜிஎஸ்டி எண். உங்கள் வேட்டையாளர் வியாபாரக் கணக்கில் போட்டுத்தான் விலையைக் குறைத்திருக்கிறார். ஓடிபி போனது அந்த டிரேடர்ஸ் போனுக்கு. ஓடிபி இல்லாமல் தர முடியாது என்றார் குடோன்காரர். அவர் மேல் தப்பில்லை. உங்கள் எண்ணுக்கு அடித்தேன், பாட்டு. திரும்ப அடித்தேன், பாட்டு. வேட்டையாளருக்கு ஆப்பில் எழுதினேன், "பார்த்தார்" என்று மட்டும் வந்தது. பத்து மணிக்குப் போனவள் மூன்றரை மணி வரை அந்தத் தகரக் கொட்டகை ஓரத்தில் நின்றேன். வண்டிக்காரத் தம்பி, "அக்கா, வேற சவாரி இருக்கு" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தான், பாவம். ஓடிபி இப்போது வரும், இப்போது வரும் என்று நானும் வண்டியைப் பிடித்து வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிக் கணவாய் அதில் மிதக்கிறது. தோல் சிவக்க ஆரம்பித்துவிட்டது. தோல் சிவந்த கணவாயை எங்கள் ஊரில் யாரும் கையால் தொட மாட்டார்கள். மீன் கெடாமல் வைக்க ஃப்ரீசர் வாங்கப் போன இடத்தில் ஒன்பது கிலோவையும் கெடுத்துக்கொண்டு, வெறும் வண்டியில் பாலம் தாண்டி வந்தேன்.

அப்படியே ஓடிபி வந்து பெட்டியைக் கொடுத்திருந்தாலும், நாளைக்கு கம்ப்ரஸர் போனால் யார் பில்லைக் காட்டி வாரன்டி கேட்பேன்? உங்கள் கம்பெனிக்கு இது தெரியாமல் இருக்காது. உங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்கே நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

20,800 ஏப்ரல் 28 அன்றுதான் கணக்குக்கு வந்தது. பத்தொன்பது நாள். அதுவரை கடையிலும் வாங்க முடியாமல், உங்களிடமிருந்தும் வராமல், தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த 460-ஐ கூப்பனாகத் தருகிறேன் என்கிறீர்கள். இன்னொரு தடவை உங்களிடம் தேடச் சொல்வதற்கா? 499 கிடையாதாம், "தேடல் நடந்துவிட்டது" என்கிறீர்கள்.

எங்கள் கரையில் ஏலம் விடுகிறவருக்கும் கமிஷன் உண்டு. மீன் கைமாறி, எடை போட்டு, துட்டு வந்த பிறகுதான் அவர் கமிஷனை எடுப்பார். மீன் விற்காமல் கமிஷன் எடுத்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் வேட்டையாளருக்கோ நான் "ஏற்கிறேன்" என்று அழுத்தியதுமே கூலி போய்விடுகிறது. பொருள் வீடு வந்து சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன? அதனால்தான் கார்டு தள்ளுபடி, பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி, ஊரான் ஜிஎஸ்டி எண் என்று எல்லாவற்றையும் கழித்து ஒரு விலையைக் காட்டுகிறார்கள். தேடுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ராத்திரி கண் முழித்துத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் கூலி எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்தது நீங்கள். பொருள் என் வாசலில் இறங்கிய பிறகு கொடுங்கள். ஒரே வாரத்தில் எல்லா விலையும் உண்மை விலையாகிவிடும்.

தயவுசெய்து கீழே கேட்டிருப்பதைக் கவனியுங்கள். 499, 460 இரண்டும் பணமாகவே என் கணக்குக்கு வர வேண்டும், கூப்பன் வேண்டாம். வண்டி வாடகை 2,200-ம் கணவாய் விலையும் தர வேண்டும். உங்களால் எனக்கு இந்தத் தடைக்கால வியாபாரமே போய்விட்டது. நாளுக்கு மூவாயிரம் என்று குறைத்து வைத்தாலும் 61 நாளுக்கு 1,83,000 ரூபாய். வழக்கமாக வாங்குகிற வீடுகள் வேறு ஆளிடம் போய்விட்டன, அதற்கு விலை போட முடியாது. இவ்வளவையும் உங்களிடம் கேட்கலாம் என்றுதான் வீட்டுக்காரர் சொல்கிறார். சமாதானமாக முடிந்தால் நான் அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை.

முடியாவிட்டால் போவேன். என் மகள் பி.காம். படிக்கிறாள், எல்லாவற்றையும் எடுத்து வாசித்துக் காட்டினாள். 2020-இல் வந்த மின்வணிக விதிப்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் வேறு விலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது, 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியல் போட்ட 13 ஏமாற்று வழிகளில் ஒன்று. உங்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிப்பதற்கு முன்னால் உங்களுக்கே ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆப்பில் வந்த பச்சை எழுத்துப் படம், குடோனில் நான் போனில் எடுத்த பில் படம், வண்டி வாடகை ரசீது, பதினோரு தடவை கூப்பிட்ட பட்டியல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மே 7 அன்று அதே ராமநாதபுரம் கடையில் ஃப்ரீசர் வாங்கிவிட்டேன். வெயில் காலம் என்று விலை ஏறி 25,200. கடைக்கார அண்ணன் பில்லை என் பேரில் போட்டு, அவர் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கி, பிளக்கை மாட்டி, குளிர் வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். மார்ச்சிலேயே அவரிடம் போயிருந்தால் எனக்கு 700 ரூபாய் மிச்சம். அந்த 700-ஐயும் மேலே கேட்ட தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததும் ஆப்பில் உள்ள என் கணக்கை மூடிவிடுங்கள். இனி யாராவது பேச வேண்டும் என்றால் மறுவேட்டை போட்டுக் கொடுத்த அந்த அம்மா பேசட்டும். மே 3 அன்று சிரித்த தம்பியிடம் மறுபடி என் எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வேட்டை எண் 40718-இன் வாடிக்கையாளர்,
பாம்பன்.