அப்பா எந்தப் பக்கம் உட்காருவார்?

கிளாஸ்கோ,
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தம்பி பெண்சாதியும் சின்னவளும் சுகம். அங்கே நீ, மச்சான், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சுகமாயிருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் ரெண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறாய், மனசு விட்டுப் பேசி நாலு மாசமாச்சு என்று எழுதியிருக்கிறாய். வாஸ்தவம்தான். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் பேசினது. வேலை சரியாக இருக்கிறது. ஆபீஸ் காலை ஐந்து மணிக்கே. மற்றவர்கள் வந்து உட்காருவதற்குள் என் வேலை முடிந்துவிடும், அது ஒரு வசதி. உன் தம்பி பெண்சாதிக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாசம் முழுக்க நைட். நான் வரும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது நான் கிளம்புவேன். சண்டை போடக்கூட நேரமில்லை என்று மச்சானிடம் சொல், சிரிப்பார்.

குளிர் ஒன்றும் பெரிதில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அதுதான் பழகவில்லை. ஹீட்டர் போட்டால் எனக்குத் தலைவலி வருகிறது, அதனால் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு கொஞ்ச நேரம் போடுவதோடு சரி.

மேல்வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொன்னேனே, பனியில் அரைக்கால் சட்டையோடு குப்பைத்தொட்டி தள்ளுவாரே, அவர் இப்போது ரொம்ப ஒட்டிக்கொண்டார். 1967-ல் இங்கே கிளைடு ஆற்றில் க்யூ.இ.2 என்று ஒரு பெரிய கப்பலை இறக்கினார்கள். அதில் இவர் பயிற்சிப் பையனாகத் தச்சுவேலை பார்த்தாராம். பேசினால் பாதிதான் எனக்குப் புரியும். போன வெள்ளிக்கிழமை கதவைத் தட்டி ஒரு சட்டி நீட்டினார். புகை போட்ட மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், எல்லாவற்றையும் பாலில் போட்டு வேகவைத்திருக்கிறார். ஆமாம் அக்கா, மீனைப் பாலில். (அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடு. வெண்குஷ்டம் வரும் என்று ஜெபமாலையை எடுத்துவிடுவாள்.) அவர் போனதும் முண்டு மிளகாய்ப்பொடி ரெண்டு கரண்டி போட்டுக் கொதிக்கவைத்தேன். சொன்னால் நம்பமாட்டாய், நன்றாகத்தான் இருந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ‘நாற்பத்தாறு வயதில் படம் வரையப் படிக்கப் போகிறாயாமே, பாம்பனில் பாதி போர்டு நீ எழுதினதுதானே, இனி என்ன படிக்க இருக்கிறது’ என்று மச்சான் கேட்டாராம். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வகுப்பு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர், பேரப்பிள்ளைகள் எடுத்த அம்மா ஒருவர், பிறகு நான். டீச்சருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு.

முதல் நாள் ஒரு நாற்காலியை நடுவில் போட்டு வரையச் சொன்னாள். ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பைக் கெடுத்த வரைக்கும் எனாமலில் ஓடின கை இது. மற்றவர்கள் பென்சில் சீவுவதற்குள் முடித்துவிட்டேன். டீச்சர் வந்து பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். ‘கோடு ரொம்ப அழகு. ஆனால் நீங்கள் நாற்காலியை வரையவில்லை, நாற்காலி என்று எழுதியிருக்கிறீர்கள்’ என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பிறகு நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரிகிற சந்துகளை மட்டும் வரையச் சொன்னாள். அரைமணி நேரம் ஆனது. கோணல்மாணலாகத்தான் வந்தது, ஆனால் அந்த நாற்காலியின் ஒரு கால் கட்டை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

கறுப்பு டியூபைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் வருகிற சாம்பல்தான் இங்கே வானத்துக்கு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது கட்டம் போட்டுப் பழக்கினாள். இப்போது வேலைக்கு நடந்து போகும்போது வானம் எட்டு, ரோடு ஏழு என்று எண்ணிக்கொண்டே போகிறேன். (பஸ்ஸில் போனால் இதெல்லாம் பார்க்க முடியாது.) சுவருக்கு ஒட்டுகிற காகிதம் இங்கே சுருளாகக் கிடைக்கும், அதில்தான் வரைகிறேன். விலைக்காக இல்லை, கரி நன்றாகப் பிடிக்கிறது.

அக்டோபரில் ஒரு நாள் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, வருகிற ஜூன் மாசத்துக்குள் என்ன செய்யப்போகிறீர்கள், எழுதுங்கள் என்றாள். ‘நல்ல ஓவியன் ஆக வேண்டும்’ என்று எழுதினேன். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். அது வேண்டுதலாம், வேலை இல்லையாம். எண்ணிப் பார்க்கிற மாதிரி ஏதாவது எழுது என்றாள். மூன்று எழுதினேன். தினம் ஒரு பக்கம், அழிரப்பர் இல்லாமல். மாசம் ஒரு படம், கண்ணால் பார்த்து, ஞாபகத்திலிருந்து இல்லை. ஜூனில் வகுப்புக்காரர்கள் சுவரில் மாட்டும்போது நம் ரெண்டு கடலும். ரோட்டுப் பாலத்தில் நின்றால் வடக்கே பச்சையாகப் பெண் கடல் படுத்திருக்கும், தெற்கே நீலமாக ஆண் கடல் புரளும், அந்த ரெண்டும் ஒரே காகிதத்தில். தினம் ஒரு பக்கம் என்றதில் நடுவே பதினோரு நாள் விட்டுப்போனது. யாரும் திட்டவில்லை, எனக்கே கூச்சமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து சின்னவளைக் கெல்வின்குரோவ் மியூசியத்துக்குக் கூட்டிப்போவேன். உள்ளே போகக் காசு கிடையாது. அங்கே டாலி என்கிற ஓவியர் 1951-ல் வரைந்த சிலுவைப் படம் இருக்கிறது. ஆண்டவரை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி, முகம் தெரியாது. ஆணி இல்லை, முள்முடி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அம்மாவுக்குப் பிடிக்காது. வரைந்த அடுத்த வருஷம் 8,200 பவுனுக்கு இந்த ஊர் வாங்கினபோது, இவ்வளவு காசா என்று இங்கே ஓவியம் படித்த பிள்ளைகளே எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்களாம். நான் ஆண்டவரைப் பார்த்ததைவிட அவர் காலுக்குக் கீழே பார்த்ததுதான் அதிகம். அங்கே ஒரு கடல், ஒரு படகு, கரையில் மீன்பிடிக்கிற ஆட்கள். அப்படியே விடிகாலை நம் தெக்குவாடிக் கரை. சின்னவள் ‘அப்பா, வாங்க’ என்று இழுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவின் வத்தைப் படகை வரைந்தேன். கிழவருக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘தம்பி, இது மிதக்காது’ என்றார். பலகை எங்கே வளைகிறது, அடிக்கட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை வத்தையின் முன்பக்கம், அணியத்தில் குந்தி உட்கார்ந்து நம்பர் எழுதியிருக்கிறேன்! நம்பரைத்தான் பார்த்திருக்கிறேன், வத்தையைப் பார்க்கவில்லை.

திரும்ப வரைய உட்கார்ந்தேன். பாய்மரம் வந்துவிட்டது. அப்பாவை உட்காரவைக்கப் போனால், அக்கா, அப்பா எந்தப் பக்கம் உட்காருவார்? சாயங்காலம் கரைக்கு வரும்போது பாய் எந்தப் பக்கம், அவர் கை எந்தப் பக்கம்? அவர் துண்டு ஞாபகம் இருக்கிறது, பீடி ஞாபகம் இருக்கிறது, ஆள் இருக்கிற பக்கம் தெரியவில்லை. ரெண்டு மணி வரைக்கும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் கேட்டு எழுது. நான் கேட்டேன் என்று சொல்லாதே, பேச்சோடு பேச்சாகக் கேள்.

வத்தை விஷயம். அப்பா போனதிலிருந்து கரையில் கிடந்து வெயிலில் பலகை விரிந்துவிட்டது, சந்தை அடைத்துக் கலப்பத்து பார்த்தாலும் தாங்காது, விறகு விலைக்காவது தள்ளிவிடலாம் என்கிறார் மச்சான். சரி, தள்ளிவிடுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன். என் பங்கை மூத்தவள் காலேஜ் பீஸில் சேர்த்துக்கொள். தருகிறேன் என்று சொன்ன மீதிப் பணத்தைத் தையில் அனுப்புகிறேன். இங்கே வருஷக் கடைசியில் எல்லாக் கணக்கும் ஒன்றாக வருகிறது, வேறொன்றும் இல்லை. மச்சானிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. வடக்குப் பக்க வேலிக்காகச் சித்தப்பாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், ஒரு முழ மணலுக்காகக் கோர்ட்டுக்குப் போகிற குடும்பமா நாம்? சின்னவனுக்குப் புதுநன்மை உடுப்பு இங்கேயிருந்து வரும், அங்கே எடுத்துவிடாதே. அளவு மட்டும் அனுப்பு.

வத்தைக்கும் அளவு வேண்டும். உடைக்கிறதுக்கு முந்தி, அணியத்திலிருந்து கடைசி வரை நீளம், நடுவில் அகலம், ஓரப்பலகை தரையிலிருந்து எத்தனை சாண். மச்சான் கண்ணளவில் ஒரு கணக்குச் சொல்லிவிடுவார். நீயே நூல் பிடித்து அள. மூத்தவளை விட்டு நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல், அவள் மூஞ்சி அதில் வேண்டாம். ஆள் வந்து கேட்டாலும், என் பதில் வருகிற வரை கோடாலி வைக்கவிடாதே.

அன்புத் தம்பி